நாளும் வலிமையும்
(கல்விச் சங்க வெள்ளிவிழாக் கருத்தரங்கில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

ஓலைக் கொட்டகையில் ஓர் இரவுப் பள்ளியாகத் தொடங்கிய இச்சங்கத்தை 25 ஆண்டுகள் தோளில் சுமந்து வந்த பெரியோர்களே! தாய்மார்களே! ஆசிரிய நண்பர்களே! மாணவச் செல்வங்களே!

விழாக் குழுவினர் ‘கல்வியின் பயன்’ என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்தனர். அப்பொருளைப் பற்றியே பேசவிருக்கிறோம். ஆயினும் இவ்வாண்டு நேர்வழியில் செல்லாமல், ஒரு கான்கிரீட் சாலையின் வழியே சென்று அதனை அடைய எண்ணுகிறோம். நாம் பொறியாளர் அல்லோம். வரலாறு பயின்று பி.ஏ., பி.எட். பட்டம் பெற்ற பள்ளி ஆசிரியர். எனவே இங்குக் கூறப்போவன நம் பழைய மாணவர் ஒருவர் சாலையோரத்தில் நின்று நமக்குக் கற்பித்தனவும், அதன்பின் நாமே ஆர்வத்தால் தேடிப் படித்தனவுமாம். மாணவரிடம் ஆசிரியர் பாடங்கேட்பது இழிவன்று. அதுவே ஆசிரியர்க்குக் கிடைக்கும் ஓய்வூதியத்தினும் பெரிய ஊதியம்.

சந்தையில் பானை வாங்கும் நம் தாய்மார்களைப் பாருங்கள். பானையை இடக்கையில் ஏந்தி, வலக்கை விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டுவார்கள். ஓசை கணீரென்று வந்தால் வாங்குவார்கள். மழுங்கி வந்தால் வைத்துவிடுவார்கள். பானை நல்லதா என்றறிய எவரும் அதனை உடைத்துப் பார்ப்பதில்லை. உடைத்தபின் நல்ல பானை என்று தெரிந்து என்ன பயன்? பொருளைச் சிதைக்காமலே அதன் உறுதியை அறிவதற்குச் ‘சிதையாச் சோதனை’ என்று பெயர். அறிவியல் அதற்குக் கருவிகளைத் தந்தது. அதன் கருத்து நம் தாய்மார்களின் விரல் நுனியில் முன்னரே இருந்தது.

இனிக் கான்கிரீட்டிற்கு வருவோம். சிமெண்டும் மணலும் ஜல்லியும் நீரும் சேர்ந்த கலவை காய்வதால் இறுகுகிறது என்றே பலரும் எண்ணுகிறோம். அது பிழை. சிமெண்டு நீரோடு வேதியியல் முறையில் கூடுவதாலேயே இறுகுகிறது. அக்கூட்டத்தில் வெப்பம் பிறக்கிறது. நீர் உலர்ந்துவிட்டால் கூட்டம் நின்றுவிடும். வலிமையும் அத்துடன் நின்றுவிடும். புதுச் சாலையின்மேல் பாத்தி கட்டி நீர் நிறுத்துவதும், நனைத்த சாக்கு விரிப்பதும் இதற்காகவே. ‘காயட்டும்’ என்று வெயிலில் விட்டுவிடுவது குழந்தைக்குப் பாலை நிறுத்துவதற்கு ஒப்பாகும்.

கான்கிரீட்டின் வலிமையை அறிய வழக்கமாகக் கையாளும் முறை ‘கியூப்’ சோதனை. 15 சென்டிமீட்டர் பக்கமுள்ள இரும்பு அச்சுக்களில் அதே கலவையை நிரப்பி, மறுநாள் கழற்றி, 27 டிகிரி செல்சியசை ஒட்டிய வெப்பமுள்ள நீர்த்தொட்டியில் இட்டு, 7-ஆம் நாளிலும் 28-ஆம் நாளிலும் எந்திரத்தில் வைத்து நொறுக்கிப் பார்ப்பார்கள். சாலையின் பலகம் சக்கரத்தின் அடியில் வளைய முற்படுவதால், அவ்வளைவைத் தாங்கும் ஆற்றலை அறிய நீண்ட உத்தரம் போன்ற மாதிரிகளையும் வார்த்து முறித்துப் பார்ப்பார்கள். இவை வேண்டிய சோதனைகளே. ஆனால் ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள். நொறுங்கியது கியூப், ஓடப்போவது சாலை. கியூப் தொட்டியில் குளிர்ந்த நீரில் சுகமாக இருந்தது. சாலையோ வெயிலிலும் காற்றிலும் மழையிலும் கிடந்தது. தாய் ஒன்று, வளர்ப்பு வேறு. கியூப் தேறிவிட்டது என்பதனால் சாலையும் தேறிவிட்டது என்று கூறல் இயலாது.

மேலும், 28 நாள் காத்திருக்க இன்றைய உலகிற்குப் பொறுமையில்லை. பேருந்து நிலையச் சந்திப்பை ஒரு மாதம் அடைத்து வைக்க எந்த ஊர் ஒப்பும்? ஆகவே விரைவில் உறுதி பெறும் கான்கிரீட் பயனுக்கு வந்தது. சிமெண்டின் அளவைக் கூட்டுதல், நுண்ணிதாக அரைத்த சிமெண்டைக் கையாளுதல், நீரைக் குறைத்தல், இறுகுதலை முடுக்கும் பொருள்களைச் சேர்த்தல், பிறந்த வெப்பம் வெளியேறாதவாறு போர்த்தி வைத்தல் ஆகியன அதன் வழிகள். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1986-இல் 71-ஆம் எண் நெடுஞ்சாலையில் இம்முறையைக் கையாண்டனர். 1999 அக்டோபரில் கலிபோர்னியாவின் பொமோனா நகரில் 10-ஆம் எண் நெடுஞ்சாலையை ஒரு வார இறுதியில் 55 மணி நேரம் அடைத்து, பழைய பலகங்களைப் பெயர்த்தெடுத்து, 2.8 கிலோமீட்டர் தடத்தைப் புதிதாக வார்த்து, மீண்டும் வண்டிகளுக்குத் திறந்தனர். அங்குப் பயன்பட்ட சிமெண்டு, வார்த்த 4 மணி நேரத்தில் வண்டியைத் தாங்குமாறு ஆக்கப்பட்டது.

விரைவு நன்று. ஆயின் விரைவு கூடக்கூட ஒரு வினா கூர்மையடைகிறது. பாரம் ஏற்றலாம் என்று எப்போது கூறுவது? 28 நாள் கணக்கில் ஒரு நாள் பிழைத்தால் பெருங்கேடில்லை. 20 மணிக் கணக்கில் 5 மணி பிழைத்தால் சாலையே பிழைத்துவிடும். அவ்வினாவிற்கு விடை கூறவே சிதையாச் சோதனைகள் வந்தன. அவற்றுள் மூன்றினைச் சுருக்கமாகக் காண்போம்.

முதலாவது துள்ளு சுத்தியல். சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் எர்ன்ஸ்ட் ஷ்மிட் என்பவர் 1940-களின் இறுதியில் அமைத்தது. பிடியுள்ள குழாய் போன்ற கருவி. அதன் முனையைக் கான்கிரீட்டின்மேல் வைத்து அழுத்தினால், உள்ளே வில்லில் பூட்டிய எஃகுத் துண்டு விடுபட்டு அடித்து மீண்டு துள்ளும். கெட்டியான பரப்பில் மிகுதியாகத் துள்ளும்; மென்மையான பரப்பில் குறைவாகத் துள்ளும். துள்ளிய அளவை எண் காட்டும். கருவி எளியது, மலிவானது. ஆனால் அது அறிவது மேற்பரப்பை மட்டுமே. பரப்பு ஈரமாயிருந்தால் எண் குறையும். பழைய கான்கிரீட்டின் தோல் காற்றிலுள்ள கரியமிலவாயுவால் கடினப்பட்டிருந்தால் எண் ஏறும். தரையை நோக்கி அடித்தால் புவியீர்ப்பினால் எண் சற்றுக் குறையும். இதனைக் கொண்டு மதிப்பிடும் வலிமை 25 விழுக்காடு கூடவோ குறையவோ பிழைக்கலாம் என்று 1992-இல் வெளிவந்த இந்தியத் தர நெறியே எச்சரித்தது. சில மணி நேரமே ஆன இளங்கான்கிரீட்டில் இதனை நம்புதல் கூடாது.

இரண்டாவது மீயொலிச் சோதனை. நம் செவிக்கு எட்டாத ஒலித் துடிப்பை ஒரு முனையில் செலுத்தி, மறுமுனையை அடைய எவ்வளவு நேரமாயிற்று என்று கணக்கிடுவது. உள்ளே வெடிப்போ பொள்ளலோ இருந்தால் ஒலி சுற்றிக்கொண்டு செல்லும்; காலம் நீளும். நொடிக்கு 4.5 கிலோமீட்டருக்கு மேல் ஒலி ஓடினால் கான்கிரீட் மிக நன்று என்று அதே 1992-ஆம் ஆண்டு நெறி வகுத்தது. 3 கிலோமீட்டருக்குக் கீழானால் ஐயத்திற்குரியது என்றது. 2018-இல் அந்நெறி திருத்தப்பட்டது. இதுவே பானை தட்டும் முறையின் வளர்ந்த வடிவம். ஆனால் தூணுக்கு இரு பக்கமும் கருவி வைக்கலாம்; சாலைக்கு ஒரு பக்கமே வெளியே உள்ளது. இரு முனைகளையும் மேற்பரப்பிலேயே வைத்து அளக்கும்போது அடியாழத்தின் செய்தி நன்கு கிட்டாது. ஈரமும் இரும்புக் கம்பியும் ஒலியின் வேகத்தைக் கூட்டி மயக்கும்.

மூன்றாவது முதிர்ச்சி முறை. விரைவுச் சாலைக்கு மிகவும் பொருந்துவது இதுவே. இதன் அடிப்படை எளிது. கான்கிரீட்டின் வலிமை எத்தனை நாளாயிற்று என்பதை மட்டும் பொறுத்ததன்று; அந்நாள்களில் அது எவ்வளவு வெப்பத்தோடு இருந்தது என்பதையும் பொறுத்தது. இவ்வுண்மையை இங்கிலாந்தில் நர்ஸ் என்பவர் 1949-இலும் சால் என்பவர் 1951-இலும் கணக்காக்கினர். வார்க்கும்போதே பலகத்தின் நடுவில் ஒரு வெப்ப உணரியைப் புதைத்து விடுவார்கள். ஒவ்வொரு மணியிலும் உள்ள வெப்பநிலையைக் குறித்து, அதனோடு 10-ஐக் கூட்டி, மணிக்கணக்கால் பெருக்கித் தொகுத்துக் கொண்டே வருவார்கள். கழிவு பத்து டிகிரிக்குக் கீழே இறுகுதல் நின்றுவிடும் என்று பழைய கணக்கு கொண்டதால் அந்தப் பத்து. முன்கூட்டியே அதே கலவையில் மாதிரிகள் வார்த்து, எந்தத் தொகைக்கு எவ்வளவு வலிமை என்று ஒரு வரைகோடு போட்டு வைத்திருப்பார்கள். தொகை குறித்த எண்ணை எட்டியதும் சாலையைத் திறக்கலாம்.

மாணவர்களே, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 7 டிகிரிக் குளிரில் 4 நாள் கிடந்த கான்கிரீட்டின் தொகை என்ன? 17-ஐ 96 மணியால் பெருக்கினால் 1632. அத்தொகையை 30 டிகிரியில் அடைய எவ்வளவு நேரம் வேண்டும்? 1632-ஐ 40-ஆல் வகுத்தால் சற்றேறக்குறைய 41 மணி. அதாவது, குளிரில் கிடந்ததன் 4 நாள், வெப்பத்தில் இருந்ததன் 2 நாளுக்கும் குறைவு. நாட்காட்டியில் இரண்டும் ஒன்றாகத் தோன்றலாம். பாரம் ஏறும்போது வேற்றுமை தெரியும்.

இது வெறுங்கணக்கன்று. இக்கணக்கைப் போடாததற்கு உலகம் மனித உயிர்களை விலையாகக் கொடுத்திருக்கிறது. 1973 மார்ச் 2-ஆம் நாள் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ‘ஸ்கைலைன் பிளாசா’ என்னும் அடுக்குமாடிக் கட்டடம் கட்டிக் கொண்டிருக்கும்போதே சரிந்தது. 14 தொழிலாளர் மாண்டனர். 34 பேர் காயமுற்றனர். நாட்டின் தேசிய அளவை நிறுவனம் ஆராய்ந்தது. முட்டுக்களை உரிய காலத்திற்கு முன் அகற்றியதே காரணமாதல் கூடும் என்று கண்டது. உடைந்த தளம் வார்த்து 4 நாள். அந்நாள்களின் சராசரி வெப்பம் 7 டிகிரி. நாம் சற்றுமுன் போட்ட கணக்கு அதுவே.

5 ஆண்டு கழித்து, 1978 ஏப்ரல் 27-ஆம் நாள், மேற்கு வர்ஜீனியா மாநிலத்து வில்லோ ஐலண்டு என்னுமிடத்தில் மின்நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரம் எழும்பிக் கொண்டிருந்தது. வேலையாட்கள் நின்ற சாரம் தரையிலிருந்து எழுப்பியதன்று. கோபுரத்தின் புதுக் கான்கிரீட்டிலேயே பூட்டித் தொங்கியது. மேல்வரிசை வார்த்து ஒரு நாளே ஆகியிருந்தது. குளிர் 10 டிகிரிக்கும் கீழ். கான்கிரீட் பாரம் தாங்காது பிளந்தது. சாரத்தில் நின்ற 51 பேரும் மாண்டனர்; ஒருவரும் பிழைக்கவில்லை. இவ்விரு விபத்துக்களும்தாம் முதிர்ச்சி முறையை ஏட்டிலிருந்து வேலைத்தளத்திற்குக் கொண்டுவந்தன. 1987-இல் அமெரிக்கச் சோதனைக் கழகம் சி 1074 என்னும் எண்ணில் அதற்கு நெறிமுறை வகுத்தது. கட்டடத்தில் கற்ற பாடம் பின்னர்ச் சாலைக்கும் வந்தது. அயோவாவும் சாலை திறக்கும் வேளையை இம்முறையால் முடிவு செய்யலாயிற்று.

மாண்டவர்கள் கலவையைக் கணக்கிட்டவர்களும் அல்லர். அவசரப்பட்டு நாள் குறித்தவர்களும் அல்லர். சாரத்தின்மேல் நின்றவர்கள். எந்நாட்டிலும் பிழையின் பாரம் அடியில் நிற்பவன் தலைமேல்தான் இறங்குகிறது. இதனை நம் மக்களுக்கு யாரும் விளக்க வேண்டுவதில்லை.

நம் காலனிக்கு முதன்முதல் சிமெண்டுச் சாலை வந்த கதையைப் பெரியவர்கள் அறிவார்கள். பல ஆண்டு மனுக் கொடுத்துப் பெற்ற சாலை. நம் ஆண்களும் பெண்களுமே சட்டி சட்டியாகக் கலவை சுமந்து போட்டார்கள். மூன்றாம் நாள் காலையில் ஒப்பந்தக்காரரின் மிச்ச ஜல்லியை ஏற்ற லாரி வந்தது. ‘இன்னும் பச்சையாயிருக்கிறதே, ஐயா’ என்று ஒரு மூதாட்டி கூறியதை நாம் நம் செவியால் கேட்டோம். ‘எல்லாம் இறுகிவிட்டது, ஒதுங்கிக்கொள்’ என்பதே மறுமொழி. லாரி சென்ற தடத்தில் மயிரிழை போன்ற வெடிப்புக்கள் ஓடின. இரண்டு மழைக்காலத்தில் அவ்வெடிப்புக்கள் பள்ளமாயின. பிறகு, ‘இவர்களுக்குச் சாலை போட்டுக் கொடுத்தாலும் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை’ என்னும் பழியும் நம்மேலேயே விழுந்தது. அன்று அம்மூதாட்டி கண்ணால் கண்டது உண்மை. ஆனால் அவர் கையில் எண் இல்லை. எண் இல்லாத உண்மையை எவரும் ஏட்டில் எழுதுவதில்லை.

இனி நம் மாணவரின் செய்தியைக் கூறுவோம். இச்சங்கத்தின் இரவுப் பள்ளியில் படித்தவர். தாயார் சாலை வேலைக்கு ஜல்லி சுமந்தவர். பாலிடெக்னிக்கில் சிவில் பட்டயம் பெற்று, இன்று சாலைப் பணியொன்றில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறார். சென்ற மார்கழியில் ஒரு சந்திப்புச் சாலையை விரைவுக் கான்கிரீட்டால் வார்த்தபோது, ‘ஒருநாள் வந்து பாருங்கள், ஐயா’ என்று அழைத்தார்; சென்றோம். சாலையின் விளிம்பில் மெல்லிய கம்பி ஒன்று வெளியே நீட்டிக் கொண்டிருந்தது. அதன் நுனியைக் கைக்கடக்கமான பெட்டியில் செருகி எண்ணைக் குறித்தார். சாக்கு நனைத்துக் கொண்டிருந்த பெண்களுள் ஒருவர், “ஏன் தம்பி, ரோட்டுக்குக் காய்ச்சலா பாக்குறே?” என்றார். அனைவரும் சிரித்தனர். நம் மாணவர் சிரிக்கவில்லை. “ஆமாம் அம்மா, காய்ச்சல்தான். இதற்குக் காய்ச்சல் இருந்தால்தான் நல்லது” என்று கூறி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார். இதனினும் எளிதாக எந்தப் பேராசிரியரும் விளக்கியிருக்க முடியாது.

விடியற்காலையில் மேலாளர் ஒருவர் வந்தார். முந்தைய பலகங்களெல்லாம் 20 மணியில் திறந்தாயிற்று, இதற்கும் 20 மணி ஆகிவிட்டது, கையொப்பமிடுக என்றார். இரவெல்லாம் தூறலும் குளிர்காற்றும் இருந்தன. பெட்டி காட்டிய தொகை குறித்த எண்ணை எட்டவில்லை. “இன்னும் 5 மணி நேரமாவது வேண்டும், சார்” என்றார் நம் மாணவர். மேலாளர் குரலை உயர்த்தினார். வேலையைப் பற்றியும் நினைவூட்டினார். நம் மாணவர் குரலை உயர்த்தவில்லை. ஏட்டைத் திருப்பி எண்களைக் காட்டினார். “இதன்மேல் நான் கையெழுத்துப் போட மாட்டேன்; நீங்கள் போடுவதானால் போடுங்கள்” என்றார். மேலாளர் பேனாவைக் கையில் வாங்கினார், எண்களைப் பார்த்தார், பேனாவை மூடிவிட்டார். பகல் 11 மணி கடந்த பின்னரே சாலை திறக்கப்பட்டது.

அன்று நாம் வீடு திரும்புகையில், காலனிச் சாலையில் ஒதுங்கச் சொல்லப்பட்ட மூதாட்டியை நினைத்துக் கொண்டோம். அவர் கண்டதையே இவரும் கண்டார். இவர் கையில் எண் இருந்தது. அவ்வெண்ணைப் படிக்கும் கல்வி இருந்தது. விழாக் குழுவினர் கேட்ட ‘கல்வியின் பயன்’ இதுவன்றி வேறென்ன?

ஆயினும் கருவியைக் கடவுளாக்கிவிடுதல் வேண்டா. முதிர்ச்சிப் பெட்டி அறிவது வெப்பத்தை மட்டுமே. எவரேனும் கலவை இளகட்டுமென்று குடம் நீர் கூடுதலாக ஊற்றியிருந்தால் அஃது அதற்குத் தெரியாது. சிமெண்டு மாறியிருந்தால், ஜல்லி மாறியிருந்தால், முன்போட்ட வரைகோடு செல்லாது. புதிதாகப் போடல் வேண்டும். தொடக்கத்தில் மிகுதியான வெப்பம் பெற்ற கான்கிரீட் விரைந்து வலுப்பெற்று, இறுதி வலிமையில் பின்தங்குவதும் உண்டு. ஆகவே அவ்வப்போது மாதிரிகளை முறித்துக் கருவியைச் சரிபார்த்தல் வேண்டும். கருவிக்குப் பின்னே நேர்மையான மனிதர் ஒருவர் நிற்றல் வேண்டும். கருவியைக் கடையில் வாங்கலாம். அம்மனிதரைப் பள்ளியில்தான் உருவாக்கல் இயலும்.

பெற்றோர்களே! நம் வகுப்பறையில் ஒரே வயதுடைய பிள்ளைகள் வந்து அமர்கின்றனர். ஒரு பிள்ளை விளக்கும் உணவும் அமைதியும் பெற்று வளர்ந்தது. மற்றொன்று கூலிக்குச் சென்ற தாய் திரும்பும்வரை பசித்திருந்து வளர்ந்தது. வயது ஒன்று; பெற்ற வெப்பம் வேறு. ஒரே நாளில் இருவரையும் எந்திரத்தில் வைத்து நொறுக்கி, ‘இவன் வலியன், இவன் மெலியன்’ என்று தீர்ப்புக் கூறல் அறமாகாது. பின்தங்கிய பிள்ளை கெட்ட கலவையன்று. அவனுக்கு இன்னும் சில மணி நேரப் போர்வையும் நீரும் வேண்டும். இச்சங்கம் 25 ஆண்டுகளாக அப்போர்வையாக இருந்து வந்தது. எட்டாம் வகுப்போடு நிறுத்திப் பிள்ளையைச் செங்கற்சூளைக்கு அனுப்பும் பெற்றோர்க்கு நாம் கூறுவது ஒன்றே: மூன்றாம் நாள் சாலையில் லாரியை ஏற்றாதீர்கள். அன்று தோன்றும் வெடிப்பு மயிரிழைதான். மழைக்காலத்தில் அது பள்ளமாகும்.

மாணவர்களே! இந்நாட்டின் சாலைகளை வார்த்த கைகளில் உங்கள் பாட்டனார் பாட்டியார் கைகளும் உண்டு. சுமந்த கைகளுக்குச் சோதிக்கும் கருவியும் உரியது. கையொப்பமிடும் பேனாவும் உரியது. பொறியியலும் பட்டயமும் தொழிற்பயிற்சியும் பயிலுங்கள். பயின்றபின், எண் எட்டாதபோது ‘எட்டவில்லை’ என்று கூறும் துணிவையும் பெறுங்கள்.

25 ஆண்டு என்பது நாட்காட்டியின் கணக்கு. இச்சங்கம் எத்தனை பிள்ளைகளுக்கு எவ்வளவு வெப்பம் தந்தது என்பதே முதிர்ச்சியின் கணக்கு. இரண்டாவது கணக்கிலும் நம் சங்கம் நிறைவுற்றுப் பொன்விழாக் காண வேண்டுமென வாழ்த்தி அமைகிறோம்.